பேசி முடித்த பிறகும் ஓடிய கேசட்

*‘நம்ம வீடு’ குழு, 7 பேர்*

சனிக்கிழமை

நான் (காலை 8.10)
[படம்]
பரணைச் சுத்தம் செய்யும்போது அந்த நீலத் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே 9 கேசட். எல்லாவற்றின் மேலும் அப்பாவின் கையெழுத்து. ஒன்றில் ‘ஜூலை 1986, பிள்ளைகளுக்கு’ என்று இருக்கிறது.

அக்கா (8.12)
ஐயோ. வீடு மாறியபோதே அந்தப் பெட்டி தொலைந்துவிட்டது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா (8.12)
எதையும் போட்டுப் பார்த்துவிடாதே. சித்தப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்.

தம்பி (8.31)
இங்கே இன்னும் விடியவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த எழுத்தைப் பார்த்தாலே போதும் போல இருக்கிறது.

அக்கா மகள் (8.40)
பெரிய மாமா, ‘பிள்’ளுக்கு அப்புறம் வருகிற எழுத்து என்ன? துதிக்கையைத் தூக்கிய யானை மாதிரி இருக்கிறதே.

நான் (8.43)
அது பழைய ‘ளை’. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. நாங்கள் படித்ததெல்லாம் புது எழுத்துதான். தாத்தா மட்டும் கடைசிவரை துதிக்கையோடுதான் எழுதினார். அவர் கடிதத்தை வாசிக்க நான் முதலில் அந்த எழுத்துகளைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்கா மகள் (8.44)
சரி, கடிதம் எழுதுகிறவர் எதற்குக் கேசட்டில் பேசி அனுப்பினார்? போன் பண்ணியிருக்கலாமே?

அக்கா (8.52)
போன் இருந்தது. நம் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் மூன்று நிமிடம். அதில் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்பதிலேயே பாதி போய்விடும். அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நின்றுகொண்டு அப்பாவிடம் என்ன பேசிவிட முடியும்? ‘நன்றாக இருக்கிறேன். நன்றாகப் படிக்கிறேன்.’ அதோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

கேசட் அப்படி இல்லை. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம், அழலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் இருந்த பக்கம் யாராவது போனால் அவர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கிருந்து வருகிறவர்களிடம் அப்பா கொடுத்தனுப்புவார். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதம் ஆகும்.

அக்கா மகள் (8.53)
இரண்டு மாதமா!

அக்கா (8.55)
ஆமாம். அதனால் என்ன கேட்டோம் என்பதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் பதில் வரும்போது கேள்வி மறந்திருக்கும்.

சித்தப்பா (9.05)
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். இது 40 வருடப் பழைய நாடா, எடுத்தவுடன் பிளே அமுக்கக் கூடாது. முதலில் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார். நாடா பழுப்பாக, வழவழப்பாக இருக்கிறதா, இல்லை வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா? பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து வை. அதைப் போட்ட மெஷினில் மற்றதைப் போட்டால் அதற்கும் தொற்றிக்கொள்ளும்.

அப்புறம் திறந்திருக்கும் விளிம்பின் நடுவில் ஒரு மெல்லிய தகடு, அதன் மேல் கடுகளவை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாகத்தான் கேட்கும்.

நான் (9.14)
பார்த்துவிட்டேன் சித்தப்பா. எட்டு கேசட்டில் பூஞ்சை இல்லை. ‘ஜூலை 1986’இல் பஞ்சு விழுந்து உள்ளேயே உருண்டுகொண்டிருக்கிறது.

சித்தப்பா (9.16)
ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பாட்டுக் கேசட் எதிலிருந்தாவது அந்தத் தகட்டைக் கழற்றி இதில் மாட்டிக்கொள்ளலாம். ஆறு பட்டைப் பென்சில் வைத்திருக்கிறாயா?

நான் (9.16)
கையில்தான் இருக்கிறது.

சித்தப்பா (9.24)
அதைச் சக்கரத்தில் விட்டு, கையாலேயே ஒரு முறை முழுவதும் முன்னே சுற்று, மறுபடியும் பின்னே சுற்று. அவசரப்படாதே. இத்தனை வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரிய வேண்டும். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிற நாடா, அரை மணிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 86 மீட்டர். அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அண்ணன் குரல் அந்தப் பழுப்புப் பூச்சில்தான் இருக்கிறது. அது இரும்பு ஆக்ஸைடு, நம் வீட்டு ஜன்னல் கம்பியில் பிடிக்கிற துருவின் சொந்தக்காரன்.

தம்பி (9.30)
அந்தப் பென்சில் வேலை எப்போதும் என்னுடையது. பென்சிலில் கேசட்டை மாட்டிக் கிலுகிலுப்பை மாதிரி சுழற்றுவேன். பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் அம்மா அப்படிச் செய்யச் சொல்கிறாள் என்று பெரியவனான பிறகுதான் புரிந்தது.

அத்தை (9.41)
என் அண்ணன் குரலைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது. மதியம் நான் வந்துவிடுகிறேன், என்னை விட்டுவிட்டுக் கேட்காதீர்கள்.

அக்கா மகள் (9.50)
அம்மா, கேசட்டின் பின்பக்கத்தில் இரண்டு மூலையிலும் ஓட்டை இருக்கிறதே, அது உடைந்துபோனதா?

அக்கா (9.58)
அப்பாவே உடைத்தது. அந்த இரண்டு காதையும் உடைத்துவிட்டால் ரெக்கார்டு பொத்தான் உள்ளே போகாது, யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்துவிட முடியாது. ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டி மூடினால் மறுபடியும் பதிவு செய்யலாம்.

அக்கா (10.06)
இதைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியில் 9தான் இருக்கிறது, 11 இருக்க வேண்டும். 1988இல் இரண்டு கேசட்டில் நான்தான் செலோடேப் ஒட்டி வானொலிப் பாட்டுப் பிடித்தேன். அப்போது எனக்கு 15 வயது, புதுக் கேசட் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கத் தைரியம் இல்லை. அறிவிப்பாளர் பேச்சை நிறுத்தும் அந்த நொடிக்காக விரலைப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டிலும் அப்பா என்ன பேசியிருந்தார் என்று இனி யாருக்கும் தெரியாது. இன்றுவரை அம்மாவிடம் இதை நான் சொன்னதில்லை.

அம்மா (10.19)
எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அக்கா (10.20)
அம்மா.

அம்மா (10.27)
நீ அறைக்குள் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு கூடவே பாடுவாய். எனக்கு அது பிடித்திருந்தது. விடு கண்ணு.

அத்தை (மாலை 4.35)
இங்கே வந்துவிட்டேன். பாப்பா மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அந்த வால்நட்சத்திரம்தான் ஞாபகம் வந்தது. 1986 ஏப்ரலில் உங்கள் மூவரையும் நடுராத்திரியில் எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனது நான்தான். ஹாலி வால்நட்சத்திரம், 76 வருடத்துக்கு ஒரு முறை வருவது, பார்க்காமல் விட்டால் அப்புறம் கிடைக்காது என்று உங்கள் அப்பா கடிதத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். தெற்கே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றோம்! நெருப்பு வால் வானத்தின் பாதிவரை நீளும் என்று நினைத்துப் போனோம். இருந்ததோ பிய்த்து வைத்த பஞ்சு மாதிரி ஒரு மங்கல்.

நான் (4.42)
எனக்கு அது போதுமானதாக இருந்தது அத்தை. அப்பாவும் அங்கே இதே ராத்திரியில் இதைப் பார்க்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு 10 வயது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்க்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் அவர் இருக்கும் இடத்தில் வேறு வானம் என்றே நினைத்திருந்தேன்.

அக்கா மகள் (4.44)
2061இல் திரும்பி வருகிறது. எனக்கு அப்போது 56 வயது. மாடிக்குப் போய் உங்கள் எல்லோருக்காகவும் பார்க்கிறேன்.

அத்தை (4.45)
மறக்காதே பாப்பா.

தம்பி (4.58)
எனக்கு வால்நட்சத்திரம் ஞாபகமே இல்லை, தூங்கிவிட்டேன் போல. அப்பா அங்கே போகும் முன் எடுத்த படம்தான் ஞாபகம். அதுவும் படத்தைப் பார்த்துப் பார்த்து வந்த ஞாபகம். ரோலின் முதல் படம் என்பதால் வெளிச்சம் பட்டுப் பாதி வெளுத்துவிட்டது. அப்பாவின் தோளும் அதில் உட்கார்ந்திருக்கும் நானும் மட்டும் இருக்கிறோம், அவர் முகம் அந்த வெள்ளைக்குள் போய்விட்டது. 36 படமும் எடுத்து முடித்துக் கழுவிய பிறகுதான் அது தெரிந்தது. அதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

அக்கா மகள் (காலை 11.02)
‘ஜூலை 1986’ ஏ பக்கம் முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டேன். பஞ்சு மாற்றிய பிறகு குரல் அவ்வளவு தெளிவு. அனுப்புகிறேன்.
[ஒலிக்கோப்பு 30:41]

தம்பி (11.04)
எவ்வளவு பெரிய கோப்பு?

அக்கா மகள் (11.05)
சுருக்காமல் வைத்தது 300 எம்பிக்கு மேல். உங்களுக்கு அனுப்பியது சுருக்கியது.

தம்பி (11.09)
நான் கணினி படிக்கச் சேர்ந்தபோது ஒரு பிளாப்பியில் 1.44 எம்பிதான் பிடிக்கும். அப்பாவின் அந்த அரை மணி நேரத்தைச் சேமிக்க 210 பிளாப்பி வேண்டியிருந்திருக்கும். அது ஒரு கேசட்டின் ஒரு பக்கத்தில் கிடந்திருக்கிறது. சரி, கேட்டுவிட்டு வருகிறேன்.

அக்கா (11.48)
முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிட்டேன். மறுபடியும் போட்டேன். இருமிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார், எப்போதும் போல.

நான் (11.55)
14வது நிமிடத்தில் மரடோனா! ஜூன் 22 ஆட்டம். இங்கிலாந்துக்கு எதிராக, கையால் தட்டிய கோல் ஒன்று, நான்கு நிமிடம் கழித்துப் பாதி மைதானத்திலிருந்து எல்லோரையும் தாண்டிக்கொண்டு போய் அடித்த கோல் ஒன்று. அதை அப்பா சொல்லும்போது மூச்சு வாங்குகிறது. அறையில் இருந்தவர்கள் கட்டிலை உடைத்துவிட்டார்கள் என்கிறார். இதை நான் அப்போது பள்ளியில் போய் அப்படியே சொல்லி நடித்துக் காட்டினேன்.

அத்தை (12.10)
ஒன்று கேட்கிறேன். அண்ணன் ஒவ்வொரு முறை பேச ஆரம்பிக்கும் முன்னாலும் அதே வார்த்தை மெதுவாக, தூரத்தில் கேட்கிறதே? எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

சித்தப்பா (12.18)
உண்மையாகவே கேட்கிறது. நாடா சுற்றிக் கிடக்கும்போது ஒரு சுற்றில் இருக்கும் காந்தப் பதிவு அடுத்த சுற்றிலும் லேசாகப் படியும். நாள்பட நாள்பட அதிகமாகும். அதனால் வார்த்தை வரும் முன்பே அதன் நிழல் வரும். நேற்றுப் பென்சிலால் சுற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அதில் கொஞ்சம் குறையும்.

அத்தை (12.20)
குறைக்க வேண்டாம். இருக்கட்டும்.

அக்கா மகள் (மதியம் 2.15)
பி பக்கத்தில் ஒரு சிக்கல். கடைசி நான்கு நிமிடம் தாத்தா குரல் வேகமாகிக்கொண்டே போய், முடிவில் குழந்தை கத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. நாடா கெட்டுவிட்டதா?

நான் (2.19)
அந்த ‘அணில் பேச்சு’! அது அன்றைக்கே அப்படித்தான் இருந்தது. தம்பி அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வான். நாங்கள் மூன்று பேரும் உருண்டு உருண்டு சிரிப்போம். அப்பா என்ன சொல்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

சித்தப்பா (2.27)
நாடா கெடவில்லை. பதிவு செய்யும்போது அண்ணன் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கியிருக்கிறது. மோட்டார் மெதுவாக ஓட, நாடா மெதுவாக நகர, குரல் நெருக்கிப் பதிந்திருக்கிறது. சரியான வேகத்தில் ஓட்டினால் கீச்சுக்குரலாகத்தான் வரும். அப்போது நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது கணினியில் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு குறைப்பது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத்தானே இறங்கியிருக்கும்.

அக்கா மகள் (2.30)
சின்னத் தாத்தா, பின்னணியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது!

அக்கா மகள் (2.33)
ஏ பக்கத்திலும் இருக்கிறது. சுவர்க் கடிகாரம் போல, பேச்சு நிற்கும் இடத்திலெல்லாம் டிக் டிக் என்று தெளிவாகக் கேட்கிறது. அங்கே சரியாக நிமிடத்துக்கு 60. பி பக்கத்தின் கடைசியில் எண்ணினால் 95 வருகிறது. ஒவ்வொரு டிக்கையும் ஒரு வினாடிக்கு இழுத்து வைத்தால் குரலும் தானாகச் சரியாகிவிடும்.

சித்தப்பா (2.34)
செய். இதை யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை பாப்பா.

அக்கா மகள் (இரவு 7.51)
முடிந்தது. சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துச் செய்தேன். நான்கு நிமிடம் விரிந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது. பாட்டி, இதை நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும். மற்றவர்கள் தயவுசெய்து கொஞ்சம் காத்திருங்கள்.
[ஒலிக்கோப்பு 5:06]

அக்கா (8.20)
அம்மா கேட்டுவிட்டாள். இரண்டு தடவை. ஒன்றும் சொல்லவில்லை, தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

நான் (8.44)
தம்பி, உனக்கு இரைச்சலில் சில இடம் புரியாது என்று எழுதி அனுப்புகிறேன். அப்பா சொன்னது இதுதான்:

“பேட்டரி இறங்குகிற மாதிரி இருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போன தடவை நீ அனுப்பிய கேசட்டில் எல்லோரும் பேசி முடித்த பிறகு அணைக்க மறந்துவிட்டாய். ஆறு நிமிடம் சும்மா ஓடியிருக்கிறது. வாளியில் தண்ணீர் விழுகிறது. நீ தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாய். பெரியவன் பதினேழாம் வாய்ப்பாடு சொல்கிறான், ஏழாவதில் தடுக்கி மறுபடியும் முதலிலிருந்து வருகிறான். மகள் எதையோ தேடிப் பெட்டி பெட்டியாகத் திறக்கிறாள். சின்னவன் அழ ஆரம்பிக்கிறான், யாரும் போவதற்குள் தானாகவே நிறுத்திவிடுகிறான். நீங்கள் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தினமும் படுக்கும்போது நான் போடுவது இந்த ஆறு நிமிடத்தைத்தான். கண்ணை மூடினால் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த தடவையும் அணைக்காதே. ஒன்றும் பேசாவிட்டாலும் சரி. ஓடட்டும்.”

தம்பி (8.47)
17 ஏழு 119.

நான் (8.48)
ஆமாம். இப்போதும் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பேன்.

தம்பி (8.52)
நாம் சிரித்துக்கொண்டிருந்தோம் அண்ணா. நான்தான் திரும்பப் போடச் சொன்னேன்.

அக்கா (8.53)
உனக்கு 5 வயதுடா.

அத்தை (8.59)
நாம் அனுப்பிய அந்தக் கேசட் எங்கே?

சித்தப்பா (9.03)
1989இல் வேலையை விட்டு வரும்போது எடை அதிகம் என்று அண்ணன் நிறையச் சாமானை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதோடு போயிருக்கும்.

அம்மா (9.26)
அடுத்த கேசட்டில் நான் அவரிடம் வருத்தம் சொன்னேன். போன தடவை ஞாபகமில்லாமல் விட்டுவிட்டேன், ஆறு நிமிடம் வீணாகிவிட்டது என்று. அதற்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் பேசி முடித்ததும் கையோடு அணைத்துவிடுவேன். நீங்கள் சத்தம் போட்டால்கூட வாயை மூடச் சொல்வேன், அப்பா பேச்சு கேட்காது என்று. மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன்.

அம்மா (9.31)
அவரும் அதற்கு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்திருப்பார்.

அக்கா (9.33)
அப்படி நினைக்க மாட்டார் அம்மா.

திங்கட்கிழமை

அம்மா (காலை 7.14)
[குரல் செய்தி 21:38]

தம்பி (7.15)
அம்மா, என்ன இவ்வளவு நீளம்?

அக்கா (7.40)
நான் கேட்டேன். ‘சின்னவனே, சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது’ என்று ஒரு நிமிடம் பேசுகிறாள். அப்புறம் பேச்சே இல்லை. கூடத்து மேசையில் தொலைபேசியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள் போல. அம்மா, அணைக்க மறந்துவிட்டாயா?

அம்மா (7.52)
மறக்கவில்லை.

தம்பி (8.36)
முழுவதும் கேட்டேன் அம்மா. துணி உதறுகிறாய். அண்ணன் சாவியைத் தேடுகிறான். 12வது நிமிடத்தில் கதவைத் தட்டியது யார்?

அம்மா (8.39)
பக்கத்து வீட்டுக் குழந்தை. பந்து நம் மாடியில் விழுந்துவிட்டதாம்.